முடக்குவாதம் இருக்கும்போது மணப்பெண் அலங்காரத் தொழிலில் நிற்க முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 24 வயது. அழகுக்கலைப் படிப்பு முடித்து, மணப்பெண் மேக்கப்பில் தனிப் பயிற்சியும் எடுத்தவர். எட்டு மாதங்களுக்கு முன் விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்து, பரிசோதனையில் ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற முடக்குவாதம் என்று தெரிந்திருக்கிறது. "கையை நம்பிச் செய்கிற வேலை உனக்கு வேண்டாம், உட்கார்ந்து பார்க்கிற ஆபீஸ் வேலைக்குப் போ" என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும், விரல்கள் கோணிப்போனால் எந்த மணப்பெண் என்னிடம் முகத்தைக் கொடுப்பாள் என்று கேட்டிருக்கிறார்.

தொழிலை விட வேண்டாம். திருச்சி, தஞ்சாவூர் பக்கம் 14 வருடமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். அதில் 9 வருடம் இதே நோயோடுதான். ஆனால் பயிற்சி வகுப்பில் நீங்கள் பார்த்த மாதிரியே இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. நேரம், கருவி, கூட்டாளி மூன்றையும் உங்கள் உடம்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு அது புரிய மூன்று வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் தொழிலும் இந்த நோயும் நேருக்கு நேர் மோதுகிற இடம் ஒன்று உண்டு: விடியற்காலை. முடக்குவாதத்தில் வீக்கத்தைத் தூண்டுகிற பொருட்கள் ரத்தத்தில் அதிகமாவது பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான். அதனால்தான் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் விறைத்துக்கொண்டு நிற்கின்றன. பலருக்கு அது விட ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். நம் ஊர்க் கல்யாணமோ 4.30 - 6 முகூர்த்தம், 6 - 7.30 முகூர்த்தம். பெண் ஆறு மணிக்கு மணவறையில் உட்கார வேண்டுமென்றால் நாம் இரண்டரை மணிக்கே மண்டபத்தில் பிரஷ்ஷை எடுத்தாக வேண்டும். உடம்பு மிக மோசமாக இருக்கிற நேரத்தில்தான் தொழில் மிக நுணுக்கமான வேலையைக் கேட்கிறது. உங்களுக்குத் திறமை போதவில்லை என்று தோன்றுகிற நாட்களில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். திறமைக்கு ஒன்றும் ஆகவில்லை, கடிகாரம்தான் எதிராக ஓடுகிறது.

எனக்கு இது விளங்கியது ஒரு வைகாசி முகூர்த்தத்தில். முகம் முடிந்தது. கொண்டை போட்டு, ஜடைக்குப் பூ வைத்து, ராக்கொடி வைக்க வேண்டும். யூ பின்னை விரித்துத் தலைமுடிக்குள் அழுத்தக் கட்டைவிரலால் முடியவில்லை. மூன்று முறை கை நழுவியது. பக்கத்தில் பெண்ணின் சித்தி நின்றுகொண்டிருந்தார். "சித்தி, நான் காட்டுற இடத்துல நீங்க குத்துறீங்களா?" என்று கேட்டேன். "சொல்லும்மா" என்று வந்தார். எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பின்னுக்குக் குறுக்கே எது என்று நான் சொல்லச் சொல்ல அவர் குத்தினார். அந்தக் கொண்டை தாலி கட்டி, சாப்பிட்டு, பெண் வீடு போய்ச் சேரும்வரை அசையவில்லை. வேலை முடிந்து காரில் வரும்போது நான் அழுதேன். ஆனால் அந்த அழுகைக்கு நடுவிலேயே ஒன்று தெளிவானது. பின்னை அழுத்தும் பலம் அந்தச் சித்திக்கு இருந்தது. எங்கே அழுத்த வேண்டும் என்பது எனக்குத்தான் தெரிந்திருந்தது. அந்தக் குடும்பம் காசு கொடுத்தது எனக்குத் தெரிந்ததற்கு.

இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு முகத்தைப் பார்த்ததும் அதன் நிறத்துக்குள் மஞ்சள் எவ்வளவு, சிவப்பு எவ்வளவு என்று பிரிக்கிற கண், அரக்கு நிறப் பட்டுக்கும் இலைப்பச்சைப் பட்டுக்கும் உதட்டுச் சாயத்தை மாற்றத் தெரிந்த அறிவு, மண்டபத்து வெள்ளை விளக்கில் முகம் சாம்பல் பூத்துத் தெரியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்ற அனுபவம்: தொழிலின் பெரும்பகுதி இதுதான். இதை மூட்டு வீக்கம் தொடாது. ரெனுவார் என்ற பிரெஞ்சு ஓவியருக்கு இதே முடக்குவாதம் இருந்தது. கடைசிக் காலத்தில் விரல்கள் மடங்கிப்போய், தூரிகையை வேறொருவர் அவர் கையில் வைத்துவிடும் நிலை. 1919-ல் இறக்கும்வரை வரைந்துகொண்டிருந்தார். நம் தொழிலிலேயே ஒருவர் உண்டு. அமெரிக்காவில் டெர்ரி பிரையன்ட் என்ற மேக்கப் கலைஞருக்குக் கை கட்டுப்பாடு குறைந்துகொண்டே போய், பிறகு பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. நிதானமில்லாத கையாலும் போட முடிகிற மாதிரி ஐலைனர், மஸ்காரா கருவிகளை வடிவமைத்து, 2020-ல் கைடு பியூட்டி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். லூபஸ் என்ற, எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோயுள்ள பாடகி செலினா கோமஸ் அதே வருடம் தொடங்கிய ரேர் பியூட்டி என்ற மேக்கப் நிறுவனத்திலும், கை வலி உள்ளவர்கள் எளிதாகத் திறக்கும்படி மூடிகளை உருண்டையாக வடிவமைத்தார்கள். இவர்களைப் போல நிறுவனம் ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கருவி கைக்கு ஏற்ப மாறலாம் என்று காட்டத்தான் சொன்னேன்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன்.

எந்த வேலையை ஏற்பது என்பதுதான் முதல் முடிவு. நான் இப்போது தனியாக எடுப்பது மாலை வரவேற்பு, நிச்சயதார்த்தம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, போட்டோ ஷூட். 9 - 10.30 முகூர்த்தமும் எடுப்பேன், காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் போதும் என்பதால். நான்கு மணிக்கு எழுந்து, வெந்நீரில் கையை வைத்து, விரல் பயிற்சி செய்து, ஏதாவது சாப்பிட்டு மாத்திரை போட்டு, கை ஓரளவு இளகிய பிறகே கிளம்புவேன். விடியற்காலை முகூர்த்தம் என்றால் கூட்டாளியோடுதான்.

இங்கே ஒரு சிக்கல் வரும். முதல்நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்று இரண்டுக்கும் ஒரே ஆளைத்தான் குடும்பங்கள் பேசுவார்கள். "முகூர்த்தத்துக்கு வரமாட்டேன்" என்றால் இரண்டுமே கை நழுவும். எனவே உங்கள் வேலைப் பாணிக்கு நெருக்கமான ஒரு கலைஞரை இப்போதே தேடிக்கொள்ளுங்கள். வரவேற்பு உங்களுடையது, விடியற்காலை அவருடையது. கல்யாணத்துக்கு முன் போட்டுப் பார்க்கிற ட்ரயலுக்கு இரண்டு பேரும் போக வேண்டும், பெண் இரண்டு பேரின் கையையும் பார்த்திருக்க வேண்டும். பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதை அட்வான்ஸ் வாங்கும் அன்றே எழுதிவைத்துவிடுங்கள். நானும் என் கூட்டாளியும் முதல் வருடம் வாய்ப்பேச்சாக விட்டு, நல்ல நட்பையே இழக்கப் பார்த்தோம். இப்போது அவளுக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நான் நிற்கிறேன், எனக்கு மூட்டு வீங்கினால் அவள் நிற்கிறாள்.

நம் நாள்காட்டி ஒரு விதத்தில் நமக்கு உதவுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. மற்றவர்கள் "சீசன் இல்லை" என்று கவலைப்படுகிற மாதங்களை நான் ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, பிசியோதெரபி, அப்புறம் வகுப்புகளுக்கு என்று வைத்திருக்கிறேன். தை முதல் ஆனி வரை சேர்த்ததிலிருந்து இந்த மாதங்களுக்கு எடுத்துவைக்காவிட்டால், பணக் கவலையில் உடம்பு கேட்காத வேலையையும் ஒப்புக்கொள்வீர்கள். நான் அப்படி ஒப்புக்கொண்ட ஒவ்வொரு முறையும் அடுத்த பத்து நாள் படுக்கையில் போனது.

கருவிகளுக்கு வருவோம், இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மெல்லிய பிடியுள்ள பிரஷ்ஷை விரல் நுனியால் இறுக்கிப் பிடிப்பதுதான் மூட்டுக்கு அதிகச் சுமை. பிடி தடிமனாக இருந்தால் அவ்வளவு இறுக்க வேண்டாம். விளையாட்டுச் சாமான் கடையில் பேட்மின்டன் மட்டைக்குச் சுற்றுகிற கிரிப் டேப் கிடைக்கும். அதை வாங்கிப் பிரஷ் பிடிகளில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிடுங்கள். ஃபவுண்டேஷன், பிரைமர், மாய்ஸ்சரைசர் எல்லாவற்றையும் முடிந்தவரை பம்ப் வைத்த பாட்டிலில் வாங்குங்கள். திருகு மூடிகளை முதல்நாள் இரவே யாரையாவது திறக்கவைத்து லேசாக மூடி வையுங்கள். விடியற்காலையில் ஒரு மூடியோடு மல்லுக்கட்டினால் அன்றைய கை வலிமையில் பாதி அங்கேயே போய்விடும். மேக்கப்பைக் காற்றால் தூவுகிற ஏர்பிரஷ் கருவியை வைத்துக்கொண்டால் கைக்குச் சுகம் என்று பலர் சொன்னார்கள். அதன் விசையை ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்தே இருக்க வேண்டும். எனக்கு அது ஈரமான ஸ்பாஞ்சை விடச் சிரமமாக இருந்தது. விலை அதிகம் என்பதால் வாங்குவதற்கு முன் இரவல் வாங்கி ஒரு முழு முகம் போட்டுப் பாருங்கள்.

மண்டபத்தில் கிடைப்பது தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலி. அதில் பெண்ணை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் குனிந்து நின்றால் கழுத்தும் இடுப்பும் போய்விடும். மடக்கி எடுத்துப்போகிற உயர நாற்காலி ஒன்று வாங்குங்கள். மேக்கப் கிட்டில் பணம் போடுவதற்கு முன் இதில் போடுங்கள். உங்களுக்கும் உயரமான ஸ்டூல் ஒன்று வேண்டும். கண் மேக்கப்பை நான் உட்கார்ந்துதான் போடுகிறேன். ஆரம்பத்தில் யாராவது தவறாக நினைப்பார்களோ என்று இருந்தது, யாரும் ஒன்றும் சொன்னதில்லை. உட்கார்ந்து போட்டால் கை நடுக்கம் குறைவதால் லைனர் இன்னும் சுத்தமாக வருகிறது. பெட்டியைத் தூக்காதீர்கள், சக்கரம் வைத்ததாக இருக்கட்டும்.

புடவைக்கு முன்கூட்டியே மடிப்பு எடுத்து அயர்ன் செய்து பின் குத்தி வைக்கிற வழக்கம் வந்தது நமக்கு வரம். முன்பெல்லாம் ஒன்பது கஜத்தையும் கனமான காஞ்சிபுரம் பட்டையும் மண்டபத்து அறையில் நின்றபடி மடிப்பெடுக்க வேண்டும். இப்போது இரண்டு நாள் முன்பே வீட்டில், மதியத்தில், கை நன்றாக இருக்கிற நேரத்தில் செய்து வைத்துவிடலாம். இதையே தனி வருமானமாகவும் செய்கிறேன். கல்யாணத்துக்குப் போகிறவர்களும் மடிப்பு எடுக்கக் கொடுக்கிறார்கள். உடம்பு சரியில்லாத வாரத்திலும் வீட்டை விட்டு வெளியே போகாமல் ஓடுகிற வேலை இது.

மருந்து பற்றி, மருத்துவர் இடத்தில் நின்று பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் தொழிலோடு சம்பந்தப்பட்ட சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். முடக்குவாதத்துக்குப் பரவலாகக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை உங்களுக்குக் கொடுத்திருந்தால் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுவது. மறதியில் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. போட்ட மறுநாள் எனக்குக் குமட்டலும் அசதியும் இருக்கும். முகூர்த்தங்கள் பெரும்பாலும் ஞாயிறு, திங்கள், புதன், வியாழன், வெள்ளி என்று வருவதால், மருத்துவரிடம் கேட்டு மாத்திரையைத் திங்கள் இரவுக்கு வைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை நம் பக்கம் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அசதி அன்றோடு போய்விடும். இந்த வகை மருந்துகள் வேலை செய்யவே வாரக்கணக்கில் ஆகும். சீசனில் நேரமில்லை என்று நிறுத்தினால் அதன் விலையை அடுத்த சீசனில் கொடுப்பீர்கள். அதற்குப் பதிலாக மருந்துக் கடையில் வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ தானாக வாங்கிப் போட்டு ஒரு முகூர்த்தத்தைத் தாண்டுவதும் வேண்டாம். நான் செய்திருக்கிறேன், வயிற்றுப் புண்ணோடு முடிந்தது.

உங்களுக்கு 24 வயது என்பதால் இதையும் சொல்கிறேன். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது. குழந்தை வேண்டும் என்று நினைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்ற வேண்டும், கர்ப்ப காலத்துக்குப் பொருந்துகிற மருந்துகள் இருக்கின்றன. இதே நோய்க்குக் கொடுக்கிற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மாத்திரையைச் சாப்பிட்டால் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அது அபூர்வமாக விழித்திரையைப் பாதிக்கும், நிறம் பிரித்துப் பார்ப்பதும் அதில் குறையலாம். ஆரம்பத்தில் ஒரு முறை, ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் என்பது பொதுவான முறை. நம் தொழிலுக்குக் கையைவிடக் கண் பெரிது.

நோய் எதிர்ப்பைக் குறைக்கிற மருந்து சாப்பிடுகிறோம், ஒரு நாளைக்கு நான்கைந்து முகங்களுக்கு மூச்சு படும் தூரத்தில் நிற்கிறோம். நான் எப்போதும் மாஸ்க் போட்டுத்தான் வேலை செய்வேன். மஸ்காராவுக்கு ஒருமுறை போட்டுத் தூக்கியெறியும் குச்சி, உதட்டுச் சாயத்தை ஸ்பாட்சுலாவால் தட்டில் எடுப்பது, பிரஷ்களை ஒவ்வொரு முகத்துக்கும் மாற்றுவது, இதெல்லாம் வாடிக்கையாளருக்காக என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள், உங்களுக்காகவும்தான். மெட்ராஸ் ஐ பரவுகிற நாட்களில் பெண்ணிடமும் கூட வருகிற தோழிகளிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வேறு நோய் உள்ளவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் வேகமாகச் சில வரிகள். ஆஸ்துமா இருந்தால் முடிக்கு பிளீச் பவுடர் கலக்குவதும், ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயு வெளியாகும், முடியை நேராக்கும் கெரட்டின் சிகிச்சைகளும் தள்ளிவைக்க வேண்டியவை. தோல் அலர்ஜி உள்ளவர்களுக்கு முடிச் சாயத்திலும் கறுப்பு மருதாணியிலும் உள்ள பிபிடி என்ற சாய வேதிப்பொருள் கெடுதல். வலிப்பு நோய் உள்ள பலருக்குத் தூக்கம் கெடுவதே தூண்டுதல், ஆகவே விடியற்காலை முகூர்த்தம் அவர்களுக்கும் பொருந்தாது. லூபஸ் இருந்தால் உச்சி வெயிலில் வெளிப்புற ஷூட் வேண்டாம்.

யாரிடம் சொல்வது? உதவியாளரிடமும் கூட்டாளியிடமும் முழுவதும் சொல்லுங்கள். வாடிக்கையாளரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஒரு வீட்டில் நான் ஆரம்பத்திலேயே மனம் திறந்து சொன்னேன். "நல்ல காரியத்துக்கு நோயாளி கை வேண்டாம்" என்று பெரியவர் ஒருவர் சொல்லி, அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். அந்த வார்த்தை பல மாதம் என்னோடு இருந்தது. குடும்பத்துக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கடைசி நேரத்தில் உங்களால் வர முடியாவிட்டால் யார் வருவார்? அதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். வருபவரின் பெயர், அவர் வேலையை அவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்ற குறிப்பு, அதுவும் முடியாவிட்டால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும் என்ற உறுதி. இது நோயில்லாத கலைஞர்களும் எழுத வேண்டியது, பலர் எழுதுவதில்லை.

பணப் பாதுகாப்பு. தனியார் மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது நோயை மறைக்காதீர்கள், மறைத்தால் தேவைப்படும் நாளில் மறுத்துவிடுவார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 3 வருடம்தான், ஆகவே சீக்கிரம் எடுப்பது நல்லது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள், ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் முடக்குவாதம் பெயராக இல்லை. மூட்டுச் சேதம் நிரந்தரமாகி, இயக்கக் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மதிப்பிடப்பட்டால் அந்த வகையில் சான்றிதழ் பெறலாம். உங்களுக்கு அந்த நிலை வராமலே போகலாம்.

வீட்டில் சொல்கிற ஆபீஸ் வேலை பற்றியும் பேசிவிடுகிறேன். அம்மாவின் பயம் நியாயமானது, அதை எதிர்த்துச் சண்டை போடாதீர்கள். ஆனால் எட்டு மணி நேரம் கீபோர்டு தட்டுவதும் இதே விரல் மூட்டுகளுக்குத்தான் வேலை. காலை ஒன்பது மணிக்குக் கை விறைத்திருந்தாலும் அங்கே உட்கார்ந்தாக வேண்டும். நம் தொழிலில் எந்த நாள், எந்த நேரம், எத்தனை முகம் என்பதை நாமே தீர்மானிக்கலாம், அது எல்லாத் தொழிலிலும் கிடைக்காத சலுகை. அம்மாவிடம் ஒரு வருடம் கேளுங்கள். அந்த ஒரு வருடமும் தனியாக ஆர்டர் எடுக்காமல் ஒரு மூத்த கலைஞரிடம் உதவியாளராகப் போங்கள். எந்த வேலைக்குப் பிறகு கை வீங்குகிறது, எத்தனை மணி நேரம் தாங்குகிறது, மறுநாள் எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மருத்துவரிடம் போகும்போது அதையும் எடுத்துப்போங்கள். என் மருந்தின் அளவு சரியானது அப்படி ஒரு நோட்டைக் காட்டிய பிறகுதான்.

கடைசியாக விரல்கள் கோணிப்போவது பற்றி. முதல் சில மாதங்களிலேயே நல்ல மருந்து ஆரம்பித்தவர்களில் பலருக்கு இப்போது அந்த நிலை வருவதில்லை. உங்களுக்கு எட்டு மாதத்திலேயே தெரிந்துவிட்டது. எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது, இடது கை மோதிர விரல் சற்று வளைந்திருக்கிறது. வேலைக்கு முன் நான் வெந்நீரில் கை வைத்து எடுப்பேன் என்று சொன்னேன் இல்லையா? போன தை மாதம் ஒரு வரவேற்பில் பெண்ணுக்குப் பதற்றத்தில் உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. கண் மேக்கப்புக்காக அவள் நெற்றியில் அந்த இடது கையை ஊன்றினேன். கண்ணை மூடியபடியே, "அக்கா, உங்க கை வெதுவெதுன்னு இருக்கு, கொஞ்ச நேரம் அப்படியே வைங்களேன்" என்றாள். வைத்துக்கொண்டே நின்றேன். நடுக்கம் அடங்கியதும் லைனரை எடுத்தேன்.